மூன்று வருஷக் கணக்கு: ஒரு நூற்பாலை எம்.டி.யின் சம்பளமும் கெட்ட பெயரும்

2022 தீபாவளிக்குப் பத்து நாள் முன்னால் ஆலை வாசல் பலகையில் போனஸ் நோட்டீஸ் ஒட்டினோம். 20 சதவீதம். போனஸ் சட்டத்தில் உச்சம் அதுதான். மறுநாள் காலை நான் உள்ளே நுழையும்போது, நோட்டீஸின் ஓரத்தில் யாரோ பால்பாயிண்ட் பேனாவால் எழுதியிருந்தார்கள்: "எம்.டி.க்கு எத்தனை?" காவலாளி அதைக் கிழிக்கப் போனார். வேண்டாம் என்றேன். கேட்க வேண்டிய கேள்வி அது. பதில் தெரிந்தவர்கள் அந்த வளாகத்தில் நாலைந்து பேர், அதில் நானும் ஒருவன். எம்.டி.க்கு, அதாவது நிர்வாக இயக்குநருக்கு, அந்த வருஷக் கமிஷன் அவருடைய நிலைச் சம்பளத்தைப் போல இரண்டரை மடங்கு. போனஸ் கணக்கில் சொன்னால் 250 சதவீதம்.

காரைக்குடிக்குப் பக்கத்தில் ஒரு நூற்பாலையில் முப்பது வருஷத்துக்கு மேல் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஆலையின் பெயரையும் ஊரையும் எழுதப் போவதில்லை, எம்.டி.யின் பெயரையும் எழுதப் போவதில்லை. தொகைகளை வட்டமாக்கியிருக்கிறேன். மற்றபடி நடந்தது நடந்தபடி.

பெரிய அதிகாரிகளின் சம்பளத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் ஊரில் இரண்டு கட்சி. கொள்ளையடிக்கிறார்கள் என்பது ஒன்று. திறமைக்கு அதுதான் விலை, நீ போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார் என்பது மற்றது. இரண்டு கட்சியும் தொகையைத்தான் பார்க்கின்றன. அந்தத் தொகையை யார், எப்போது, எதையெல்லாம் கழித்துவிட்டு எழுதினார்கள் என்று யாரும் கேட்பதில்லை. கணக்கு முடிவதற்கு முன்னால் கூலியை எழுதிவிட்டால் சம்பளமும் தப்பாகப் போகும், பிறகு வருகிற கெட்ட பெயரும் தப்பான ஆள் மேல் விழும். எங்கள் ஆலையில் இரண்டும் ஒரே ஆளுக்கு நடந்தது. அதனால்தான் இதை எழுதி வைக்கிறேன்.

ஆலையும் ஆளும்

60,000 ஸ்பிண்டில், அதாவது நூல் நூற்கும் கதிர், உள்ள ஆலை. ஏறக்குறைய 700 தொழிலாளர்கள், பாதிக்கு மேல் பெண்கள். பங்குச் சந்தையில் பட்டியலிடாத பப்ளிக் லிமிடெட். பங்குகள் நாற்பது சொச்சம் குடும்பங்களிடம் இருக்கின்றன. பள்ளத்தூர், கானாடுகாத்தான், தேவகோட்டை என்று ஊரில் பாதி, சென்னை, சிங்கப்பூர் என்று வெளியில் பாதி. பெரிய பங்கு வைத்திருக்கும் ஒரு குடும்பத்திலிருந்துதான் தலைவரும், முழுநேர இயக்குநர் ஒருவரும் வருவார்கள். எம்.டி. மட்டும் வெளியாள்.

2019 ஏப்ரலில் கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒருவரை ஐந்து வருஷ ஒப்பந்தத்தில் கொண்டுவந்தார்கள். டெக்ஸ்டைல் இன்ஜினீயர், ஐம்பது வயது. மாதம் 5 லட்சம் நிலைச் சம்பளம். அதோடு, நிலைச் சம்பளத்தையும் சேர்த்து, ஆண்டு நிகர லாபத்தில் 5 சதவீதத்தைத் தாண்டாத அளவுக்குக் கமிஷன். இந்த 5 சதவீதம் எங்கள் கண்டுபிடிப்பு அல்ல. 2013ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின் 197ஆம் பிரிவு வைத்த வரம்பு அது. ஒரு முழுநேர நிர்வாகிக்கு 5, ஒருவருக்கு மேல் இருந்தால் எல்லோருக்கும் சேர்த்து 10, மற்ற இயக்குநர்களையும் சேர்த்து மொத்தம் 11 சதவீதம். சட்டம் வரம்பாகச் சொன்னதை எங்கள் ஒப்பந்தம் கூலியாகவே எடுத்துக்கொண்டது. பல கம்பெனிகளில் இப்படித்தான் நடக்கிறது. அந்த ஒப்பந்தத்தின் வாசகத்தைச் சரிபார்த்தவர்களில் நானும் ஒருவன். அப்போது எனக்கு அதில் எதுவும் உறுத்தவில்லை.

மனிதர் வேலைக்காரர். அதில் சந்தேகமே இல்லை. வந்த முதல் மாதம் ராத்திரி இரண்டு மணிக்கு, நூல் நூற்கும் ரிங் பிரேம் மெஷின்களின் வரிசைக்குள் நடந்துகொண்டிருப்பார். ஒருநாள் என்னைக் கம்ப்ரசர் அறைக்குக் கூட்டிப்போய், மெஷின்களை நிறுத்தச் சொல்லிவிட்டு, "கேட்டுப் பாருங்க" என்றார். எல்லாம் நின்ற பிறகும் கூரைக்கடியில் ஓடும் காற்றுக் குழாய்களிலிருந்து உஸ் என்று சத்தம் வந்துகொண்டே இருந்தது. "இது பூராவும் கரண்ட் பில்லுங்க" என்றார். குழாய் மூட்டு ஒவ்வொன்றையும் சோப்புத் தண்ணீர் தடவிச் சோதித்தார்கள். பழைய மோட்டார்களை மாற்றினார், கூடத்துக்கு ஈரப்பதம் கொடுக்கும் விசிறிகளுக்கு வேகக் கட்டுப்பாடு வைத்தார். ஒரு கிலோ நூலுக்கு ஆகும் மின்சாரம் இரண்டே வருஷத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. நூற்பாலையில் பஞ்சுக்கு அடுத்தபடி பெரிய செலவு மின்சாரம். அந்தச் சத்தத்தை நாங்கள் இருபது வருஷமாகக் கேட்டுக்கொண்டுதான் இருந்தோம். ஒருத்தரும் அதைக் கணக்கில் சேர்த்ததில்லை.

42 கோடி எங்கிருந்து வந்தது

2020-21இல் பொது முடக்கத்தைத் தாண்டி 9 கோடி லாபம். அதில் 5 சதவீதம் 45 லட்சம்தான், எம்.டி.யின் நிலைச் சம்பளமோ 60 லட்சம். லாபம் போதாத வருஷங்களுக்குச் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணையில் தனி வரம்பு இருக்கிறது, அதற்குள் அவர் சம்பளம் அடங்கியது. கமிஷன் கிடையாது.

அடுத்த வருஷம் பஞ்சு விலை எகிறியது. 2020 கடைசியில் ஒரு கேண்டி, அதாவது 356 கிலோ, 40,000 ரூபாய் வாக்கில் இருந்தது. 2022 தொடக்கத்தில் 75,000 ரூபாயைத் தொட்டு, அந்த மே மாதம் ஒரு லட்சத்தைத் தாண்டியது. நூல் விலையும் கூடவே ஏறியது. குறைந்த விலையில் வாங்கிய பஞ்சு குடோனில் இருக்க, ஏறிய விலையில் நூலை விற்றோம். தமிழ்நாட்டில் பஞ்சைக் கையில் வைத்திருந்த ஆலைகளுக்கெல்லாம் அது நல்ல வருஷம். எங்களுக்கு 2021-22இல் 42 கோடி.

5 சதவீதம் 2 கோடியே 10 லட்சம். நிலைச் சம்பளம் போக எம்.டி.க்குக் கமிஷன் ஒன்றரைக் கோடி.

பட்டியலிட்ட கம்பெனியாக இருந்தால், இயக்குநரின் சம்பளம் நடுவரிசைத் தொழிலாளியின் சம்பளத்தைப் போல் எத்தனை மடங்கு என்று ஆண்டறிக்கையில் அச்சிட வேண்டும். எங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. நானே ஒரு தாளில் போட்டுப் பார்த்தேன். எங்கள் நடுவரிசைத் தொழிலாளிக்கு ஆண்டுக்கு 1 லட்சத்து 68 ஆயிரம். 125 மடங்கு. முந்தைய வருஷம் அது 36 மடங்கு. ஒரே வருஷத்தில் எம்.டி. மூன்றரை மடங்கு கெட்டிக்காரர் ஆகிவிட்டாரா? அவர் எப்போதும்போல் ராத்திரி இரண்டு மணிக்கு நடந்துகொண்டுதான் இருந்தார். விலைதான் ஏறியிருந்தது.

அப்புறம் ஸ்டாக் புத்தகத்தை எடுத்துவைத்து 42 கோடியைப் பிரித்தேன். ஒவ்வொரு மாதமும் அந்தந்த மாதச் சந்தை விலைக்கே பஞ்சை வாங்கி நூற்றிருந்தால் எவ்வளவு மிஞ்சியிருக்கும்? 15 கோடி. மீதி 27 கோடி விலை ஏறியதால் வந்தது. ஆலையை நன்றாக ஓட்டியதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இப்படிப் பிரிக்க முடியுமா என்று சிலர் கேட்கிறார்கள். நூற்பாலையில் முடியும். பஞ்சு வந்த தேதி, எடை, விலை எல்லாம் பில்லோடு இருக்கிறது. அடக்கவிலைக் கணக்குத் தெரிந்த எந்தக் கணக்குப்பிள்ளையும் இரண்டு நாளில் போட்டுவிடலாம். யாரும் கேட்டதில்லை, அதனால் யாரும் போட்டதில்லை.

இது எங்கள் ஊர்ச் சங்கதி மட்டும் இல்லை. மரியான் பெர்ட்ராண்ட், செந்தில் முல்லைநாதன் என்ற இரண்டு பொருளியல் அறிஞர்கள் 2001இல் அமெரிக்க எண்ணெய் நிறுவனங்களை எடுத்து இதையே காட்டினார்கள். கச்சா எண்ணெய் விலை உலகச் சந்தையில் ஏறினால் தலைமை அதிகாரியின் சம்பளமும் ஏறுகிறது, அவர் தன் உழைப்பால் லாபத்தைக் கூட்டினால் எவ்வளவு ஏறுமோ கிட்டத்தட்ட அதே அளவுக்கு. அவர்கள் இன்னொன்றும் கண்டார்கள்: இயக்குநர் குழுவில் பெரிய பங்குதாரர் ஒருவர் உட்கார்ந்திருக்கும் கம்பெனிகளில் அதிர்ஷ்டத்துக்குக் கொடுக்கும் கூலி குறைகிறது. தன் பணம் என்றால் எண்ணிப் பார்த்துக் கொடுப்பார்கள் போலிருக்கிறது. எங்கள் ஆலையில் பெரிய பங்குதாரரும் குழுவில் இருந்தார், ஆனாலும் எண்ணவில்லை. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

எதிர்க்கட்சியின் வாதத்தையும் சொல்ல வேண்டும். சேவியே காபே, ஆகுஸ்தான் லாந்தியே இருவரும் 2008இல் எழுதியது பேர்பெற்றது. 1980 முதல் 2003 வரை அமெரிக்கத் தலைமை அதிகாரிகளின் சம்பளம் ஆறு மடங்கானது, அதே காலத்தில் பெரிய கம்பெனிகளின் சந்தை மதிப்பும் ஆறு மடங்கானது, பெரிய கப்பலுக்குக் கொஞ்சம் நல்ல மாலுமி கிடைத்தாலும் லாபம் அதிகம், அதனால் விலையும் அதிகம் என்பது அவர்கள் கணக்கு. நியாயமான வாதம்தான். ஆனால் எங்கள் ஆலை பெரிதாகவில்லை. அதே 60,000 ஸ்பிண்டில், அதே 700 பேர்.

ஆச்சியின் கேள்வி

2022 செப்டம்பரில் காரைக்குடியில் ஒரு மண்டபத்தில் ஆண்டுப் பொதுக்கூட்டம். வழக்கமாக அரை மணி நேரத்தில் முடிந்து எல்லோரும் இலைக்குப் போய்விடுவார்கள். அந்த வருஷம் நல்ல டிவிடெண்ட் வேறு. பள்ளத்தூர் ஆச்சி ஒருவர், எழுபது வயதுக்கு மேல், கணவர் வழியில் வந்த பங்குகளை வைத்திருப்பவர், மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்:

"ஏம்ப்பா, பஞ்சு வெல ஏறுனதுக்கு இவருக்கு எதுக்குக் கமிஷன்? நாளைக்கு எறங்குனா திருப்பிக் குடுப்பாரா?"

மண்டபத்தில் சிரிப்பு. தலைவர் சிரிக்கவில்லை. "ஒப்பந்தத்துல அப்படி இல்லீங்க ஆச்சி" என்றார்.

"அப்ப ஒப்பந்தம் எழுதுனவுக தப்பா எழுதியிருக்கீக" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

நான் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். எங்கள் ஐயா, அதாவது அப்பச்சியின் (என் தகப்பனாரின்) அப்பா, பர்மாவில் பெகுவில் மேலாளாக இருந்தவர். அவர் பெட்டியில் இருந்த சம்பளச் சீட்டு எனக்கு அப்போது ஞாபகம் வந்தது.

பெகு கடை

இளையவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார், வட்டிக்கடைகளில் முதலாளி பெரும்பாலும் தேவகோட்டையிலோ காரைக்குடியிலோ இருப்பார். பர்மா, இலங்கை, மலேயா, சைகோன் கடைகளை ஏஜெண்டுகள் நடத்துவார்கள். பெட்டியடிப் பையனாகப் போய், அடுத்தாளாகி, பிறகு மேலாள் ஆவது வழக்கம். மேலாளுக்குத் தவணை பொதுவாக மூன்று வருஷம். இன்றைய பேச்சில் சொன்னால் முதலாளி பங்குதாரர், மேலாள் நிர்வாக இயக்குநர். கடிதம் போக வர வாரக்கணக்கில் ஆகும் காலத்தில், லட்சக்கணக்கான ரூபாய் மேலாள் கையில் இருந்தது.

எங்கள் ஐயாவின் முதல் மேலாள் தவணை 1926 முதல் 1929 வரை. மூன்று வருஷத்துக்கும் சேர்த்துச் சின்னத் தொகை ஒன்று சம்பளம், அதில் ஒரு பகுதி கப்பல் ஏறும் முன்னாலேயே வீட்டுச் செலவுக்கு. பெரிய காசு லாபத்தில் பங்கு, நூற்றுக்குப் பத்து. அந்தப் பங்கு எப்போது என்பதுதான் சங்கதி. மூன்று வருஷம் முடியணும். புது மேலாள் வந்து சேரணும். பழையவரும் புதியவரும் சேர்ந்து கடன் வாங்கியவர்களின் ஊர் ஊராகப் போவார்கள். நிலத்தைப் பார்த்து, களத்தைப் பார்த்து, இந்தக் கடன் வரும், இது வராது என்று புதியவர் ஒப்புக்கொண்ட பிறகுதான் ஏற்பார். வராது என்று அவர் தள்ளியதைக் கழித்து, தர்மத்துக்கான மகமையை எடுத்துவைத்து, ஐந்தொகை என்கிற இருப்புக் கணக்குக் கட்டி, மிஞ்சியதில் பங்கு. புது மேலாள் இளகவே மாட்டார், ஏனென்றால் அவர் இளகி ஏற்ற கெட்ட கடன் அடுத்த மூன்று வருஷம் அவர் தலையில் விடியும். அப்பச்சி இதைச் சொல்லும்போதெல்லாம், முதலாளியைவிட அடுத்து வருகிற மேலாளுக்குத்தான் ஐயா அதிகம் பயந்தார் என்பார்.

அந்த 1929 பங்கில் எங்கள் வீட்டு இரண்டாம் கட்டு எழுந்தது.

அடுத்த தவணை 1930இலிருந்து. உலக மந்தம் வந்து நெல் விலை விழுந்தது. கடனுக்குப் பணம் வரவில்லை, நிலம் வந்தது. கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் 1930இல் 6 சதவீதம், 1938இல் 25 சதவீதம். நிலத்தை யாரும் ஆசைப்பட்டு வாங்கவில்லை. நெல்லுக்கு விலை இல்லாதபோது நிலத்தை வைத்துக்கொண்டு வட்டிக்கடை என்ன செய்யும்? பர்மியக் குடியானவருக்கு அதெல்லாம் தெரியாது, தெரிந்தாலும் அவர் வயிறு நிறையாது. பரம்பரை நிலம் போனபோது எதிரில் நின்றது மேலாள். தேவகோட்டையில் இருந்த முதலாளியை அவர் பார்த்ததே இல்லை. கெட்ட பெயர் பூராவும் மேலாளுக்கு வந்தது, அவர் வழியாக ஒரு சமூகத்துக்கே வந்தது. ஐயா அந்தத் தவணையில் பங்கு என்று ஒரு ரூபாய் பார்க்கவில்லை. அப்பத்தாவின் கழுத்திரு என்கிற கல்யாண நகையிலிருந்து சில உருப்படிகள் அடகுக்குப் போயின.

ஐயா செய்ததெல்லாம் சரி என்று சொல்ல வரவில்லை. நிலம் இழந்தவர்களின் துயரம் பெரிது. கூலியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நல்ல தவணைக்கும் கெட்ட தவணைக்கும் ஒரே அளவுகோல் இருந்தது, அளந்தவன் கணக்கு முடிந்த பிறகு அளந்தான்.

24 கோடி போன வழி

2022 ஏப்ரல் 14ஆம் தேதி மத்திய அரசு பஞ்சு இறக்குமதி வரி 11 சதவீதத்தை நீக்கியது. அதே வாரம் எங்கள் இயக்குநர் குழு கூடியது. எம்.டி. இரண்டு மாத ஸ்டாக் போதும் என்றார். குடும்பத்து முழுநேர இயக்குநரும் இன்னொருவரும், விலை இன்னும் ஏறும், நான்கு மாதத்துக்குக் கட்டிப்போட வேண்டும், வெளிநாட்டுப் பஞ்சுக்கும் ஒப்பந்தம் போட வேண்டும் என்றார்கள். போன வருஷம் பஞ்சு வைத்திருந்தவன்தானே ஜெயித்தான்? நடவடிக்கைக் குறிப்பில் இந்த வாதம் நாலே வரி. ஐந்தாவது வரியில், "விவாதத்துக்குப் பின் ஒருமனதாக" என்று இருக்கிறது. எம்.டி. கையெழுத்துப் போட்டார்.

ஜூன் மாதம் உலகச் சந்தை சரிந்தது. கப்பலில் வந்த பஞ்சு ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் தூத்துக்குடியில் இறங்கியபோது அதன் விலை நாங்கள் ஒப்புக்கொண்ட விலையில் இல்லை. அந்த வருஷக் கடைசியில் உள்ளூர் விலையும் 60,000 முதல் 65,000 ரூபாய்க்குள் வந்துவிட்டது. ஏறக்குறைய 5,500 கேண்டி, கேண்டிக்கு 36,000 ரூபாய்க்கு மேல் நஷ்டம். நூல் ஸ்டாக்கில் இன்னொரு 4 கோடி. மொத்தம் 24 கோடி. ஆலையை ஓட்டியதில் 12 கோடி மிஞ்சியும் 2022-23 ஏட்டில் 12 கோடி நஷ்டம்.

கமிஷன் அந்த வருஷம் இல்லை. நிலைச் சம்பளம் 60 லட்சம் வழக்கம்போல். முந்தைய வருஷம் வாங்கிய ஒன்றரைக் கோடியை யாரும் திருப்பிக் கேட்கவில்லை, கேட்க ஒப்பந்தத்தில் வழியும் இல்லை. 2023 நடுவில் அவர் விலகினார்.

அதற்குள் அவர் பெயர் நாறியிருந்தது. ஆலை வாசல் டீக்கடையில் ஆரம்பித்துச் சிங்கப்பூர் வாட்ஸ்அப் குழு வரைக்கும் ஒரே பேச்சு. கோயம்புத்தூர்க்காரன் இரண்டு கோடியைச் சுருட்டிக்கொண்டு ஆலையை மூழ்கடித்துவிட்டுப் போய்விட்டான். அவருடைய கார் டிரைவர்கூடச் சொந்த ஊரில் பதில் சொல்ல வேண்டியதாயிற்று.

அதே 2021-22இல் குடும்பத்து முழுநேர இயக்குநரும் 5 சதவீதம் எடுத்தார். அதே 2 கோடியே 10 லட்சம். கம்ப்ரசர் அறைக்குள் அவர் போனதை நான் பார்த்ததில்லை. நான்கு மாதப் பஞ்சு வாங்கச் சொன்னவர்களில் ஒருவர் அவர். அவரைக் கொள்ளைக்காரர் என்று யாரும் சொல்லவில்லை. அவர் வீட்டுப் பிள்ளை, இவர் கூலிக்கு வந்தவர். பெரிய பங்குதாரர் குழுவில் இருந்தும் ஏன் எண்ணிப் பார்க்கவில்லை என்பதற்குக் காரணமும் இதில்தான் இருக்கிறது. எம்.டி.யின் 5 சதவீதத்தைக் கேள்வி கேட்டால், பக்கத்து நாற்காலியின் 5 சதவீதத்தையும் கேட்க வேண்டி வரும்.

தொழிலாளிகள் என்ன நினைத்தார்கள் என்று கேட்பவர்களுக்கு: நூலைக் கோனில் சுற்றும் ஆட்டோகோனர் பிரிவில் பதினைந்து வருஷமாக இருக்கும் ஒரு பெண்ணிடம் கேட்டேன். "அவருக்கு எவ்வளவு குடுத்தா எங்களுக்கென்ன சார். மூணு ஷிப்டும் ஓடுனது நாங்க. நோட்டீஸ்ல எங்க கணக்கு மட்டும் ஒட்டுறீங்க, அவரு கணக்க ஒட்டலயே" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. 20 சதவீதம் என்பதும் முழுச் சம்பளத்தில் இல்லை. சட்டப்படி கணக்குக்கு எடுக்கும் கூலிக்கு ஒரு வரம்பு இருக்கிறது. அவர் கைக்கு வந்தது 24,000 ரூபாய்.

போனஸ் சட்டத்தில் இருந்தது

அப்போது நடைமுறையில் இருந்த 1965ஆம் ஆண்டு போனஸ் சட்டத்தில் ஒரு விதி இருந்தது, கணக்குப் பிரிவுக்கு வெளியில் அதிகம் பேருக்குத் தெரியாது. நல்ல வருஷத்தில் 20 சதவீதத்துக்கு மேல் கொடுக்க மிச்சம் இருந்தால், அதில் ஒரு பகுதியை அடுத்த நான்கு வருஷம் வரை முன்னே எடுத்துப்போய், கெட்ட வருஷத்தில் போனஸுக்கு ஈடுகட்ட வேண்டும். பற்றாக்குறை வந்தால் அதையும் முன்னே எடுத்துப்போய், வருகிற நல்ல வருஷத்தில் கழித்துக்கொள்ளலாம். அதனால்தான் 2023 தீபாவளிக்கு, நஷ்ட வருஷத்திலும், எங்கள் தொழிலாளிகளுக்கு அதே 20 சதவீதம் கொடுக்க முடிந்தது.

மாதம் 14,000 ரூபாய் வாங்குகிறவர் விஷயத்தில் சட்டம் பல வருஷத்தைச் சேர்த்துப் பார்க்கிறது. மாதம் 5 லட்சம் வாங்குகிறவருக்கு ஒரே வருஷம். நிறுவனச் சட்டத்தின் 198ஆம் பிரிவு, கமிஷனுக்கான லாபத்தைக் கணக்கிடும்போது பழைய நஷ்டத்தைக் கழிக்கச் சொல்கிறது. வரப்போகும் நஷ்டத்துக்காக எதையும் நிறுத்திவைக்கச் சொல்லவில்லை. முதலில் லாபம், பிறகு நஷ்டம் என்ற வரிசையில் வந்தால் கமிஷன் கைக்கு வந்துவிடும். முதலில் நஷ்டம் வந்திருந்தால், அது கழிந்து கமிஷன் குறைந்திருக்கும். ஒரே ஆள், ஒரே உழைப்பு, வருஷங்களின் வரிசை மட்டும் மாறினால் லட்சக்கணக்கில் வித்தியாசம்.

வங்கிகள் இதைத் திருத்திக்கொண்டன, அல்லது திருத்த வைக்கப்பட்டன. ரிசர்வ் வங்கி 2019 நவம்பரில் கொடுத்து 2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, தனியார் வங்கித் தலைவர்களின், செயல்பாட்டைப் பொறுத்து மாறும் ஊதியத்தில் குறைந்தது 60 சதவீதத்தைக் குறைந்தது மூன்று வருஷம் தள்ளிவைக்க வேண்டும். கெட்டது வெளிவந்தால் கொடுக்காமல் நிறுத்தலாம், கொடுத்ததைத் திருப்பியும் வாங்கலாம். மூன்று வருஷம். பெகு கடையின் அதே மூன்று வருஷம்.

பங்குதாரர்கள் வாய் திறந்தால் நடக்காமல் இல்லை. 2014இல் டாடா மோட்டார்ஸின் சிறு பங்குதாரர்கள், லாபம் போதாத வருஷத்துக்கான மேலதிகாரிகள் சம்பளத் தீர்மானங்களைத் தோற்கடித்தார்கள். 2021 ஆகஸ்டில் ஐஷர் மோட்டார்ஸில் நிர்வாக இயக்குநர் சித்தார்த்த லாலின் மறுநியமனமும் சம்பளமும் அடங்கிய தீர்மானத்துக்கு 75 சதவீத ஓட்டு வேண்டியிருந்தது, 73தான் விழுந்தது. சம்பள வரம்பை லாபத்தில் 3 சதவீதத்திலிருந்து ஒன்றரை சதவீதமாகக் குறைத்துத் திரும்பக் கேட்ட பிறகுதான் நிறைவேறியது. அவர் புரமோட்டர் குடும்பத்துக்காரர், புல்லட் மோட்டார் சைக்கிள் வியாபாரத்தைத் தூக்கி நிறுத்தியவர் என்று எல்லோரும் ஒப்புக்கொள்கிறவர். அவரிடமே கேட்டார்கள்.

இரண்டு வழிக் கணக்கு

விலகிய எம்.டி. 2023 கடைசியில் கணக்கு முடிக்க ஒருநாள் வந்தார். நான் என் தாளை அவரிடம் காட்டினேன். காட்டாமல் அவரைப் பற்றி எழுதுவது முறையில்லை என்று தோன்றியது. 42 கோடியில் 27 கோடியைத் தனியாகப் பிரித்த வரியில் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார்.

"பஞ்சு லாபத்தை என் கணக்குல இருந்து எடுத்துப்போட்டீங்க, சரிங்க. அப்ப பஞ்சு நஷ்டத்தையும் எடுத்துப்போடோணுமில்லீங்க?"

சரிதான். அன்று ராத்திரி திரும்பப் போட்டேன். 2020-21, 2021-22, 2022-23 மூன்று வருஷத்தையும் ஒரே தவணையாக எடுத்தேன்.

பஞ்சு விலையை இரண்டு பக்கமும் நீக்கி, ஆலையை ஓட்டியதை மட்டும் பார்த்தால் 9, 15, 12. மொத்தம் 36 கோடி. அதில் 5 சதவீதம் 1 கோடியே 80 லட்சம். எதையும் நீக்காமல் லாப நஷ்டத்தை அப்படியே கூட்டினால் 9, 42, கழித்தல் 12. மொத்தம் 39 கோடி. 5 சதவீதம் 1 கோடியே 95 லட்சம். மூன்று வருஷ நிலைச் சம்பளமே 1 கோடியே 80 லட்சம். எந்த வழியில் போனாலும் அவருக்கு நிலைச் சம்பளமும், மிஞ்சிப்போனால் மேலே 15 லட்சமும்தான் சேர வேண்டியது. வாங்கியது 3 கோடியே 30 லட்சம்.

ஆக, ஒன்றரைக் கோடியை ஒட்டி அவருக்கு அதிகம் போயிற்று. அந்தப் பணத்துக்கு அவர் தகுதியானவர் அல்ல. அதே தாளில் இன்னொன்றும் தெரிகிறது. அவர் பொறுப்பில் ஆலை ஓடியதில், அவர் வருவதற்கு முன் சராசரியாக 8 கோடி மிஞ்சிக்கொண்டிருந்த இடத்தில், பொது முடக்க வருஷத்தில் 9, நல்ல வருஷம் 15, ஏட்டில் நஷ்டம் வந்த வருஷத்திலும் 12. ஆலையை மூழ்கடித்தவன் என்ற பெயருக்கும் அவர் தகுதியானவர் அல்ல. குழுவில் எதிர்த்து நின்று கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அந்தக் குறை அவருடையது, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. இரண்டு கோடி வாங்குகிறவரிடம் ஊர் எதிர்பார்ப்பது அந்தத் துணிச்சலைத்தான். ஆனால் தவறின் கனத்துக்குப் பெயரின் கனம் பொருந்தவில்லை.

இந்தத் தாளை அவரிடம் அனுப்பினேன். "சரியாத்தான் போட்டிருக்கீங்க" என்று பதில் வந்தது. பணத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

புது ஒப்பந்தம்

2024 ஏப்ரலில் புது எம்.டி. வந்தார். ஓய்வுக்கு முன்னால் நான் செய்த கடைசி வேலைகளில் ஒன்று அந்த ஒப்பந்தத்தின் கணக்குப் பகுதியை எழுதியது. நிலைச் சம்பளம் மாதம் ஐந்தரை லட்சம். குறைத்துவிடக் கூடாது என்று நான்தான் சொன்னேன், நல்ல ஆள் வர வேண்டும். கமிஷன் வருஷா வருஷம் கிடையாது. மூன்று வருஷத்தைக் கூட்டி 2027 மார்ச்சில் கணக்கு, பஞ்சு விலையால் வந்ததும் போனதும் தனிப் பத்தியில். அந்த மார்ச்சில் கணக்கைப் பார்த்து ஒப்புவது அடுத்த தவணைக்கு வரப்போகிறவர். இவரே தொடர்ந்தால், வெளியிலிருந்து ஒரு காஸ்ட் ஆடிட்டர், அதாவது அடக்கவிலைக் கணக்குத் தணிக்கையாளர். 60 நாளைக்கு மேல் பஞ்சு வாங்கினால் யார் சொன்னார்கள், யார் வேண்டாம் என்றார்கள் என்று பெயரோடு நடவடிக்கைக் குறிப்பில் எழுத வேண்டும். எம்.டி.யின் மொத்த ஊதியமும் நடுவரிசைக் கூலியும் போனஸ் நோட்டீஸோடு வாசல் பலகையில் ஒட்டப்படும். இந்தக் கடைசி வரிக்குத் தலைவர் தயங்கினார். புது எம்.டி.தான் இருக்கட்டும் என்றார்.

குடும்பத்து முழுநேர இயக்குநரின் 5 சதவீதத்துக்கு இந்த விதி இன்னும் வரவில்லை. அது அடுத்த பொதுக்கூட்டத்தில் வரலாம். பள்ளத்தூர் ஆச்சி என்னிடம் அந்தத் தாளின் நகலைக் கேட்டு வாங்கியிருக்கிறார். எழுத்துச் சின்னதாக இருக்கிறது, பெரிதாக அடித்துக் கொடு தம்பி என்றார். கொடுத்திருக்கிறேன்.